கணக்கு கேட்கும் ஊர்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாடும் கருநாடகமும் வந்து தொடும் தென்மேற்கு மூலையில் சாந்திபுரம் மண்டலம் அமைந்துள்ளது. குப்பமும் இராமகுப்பமும் அதன் அண்டை மண்டலங்கள். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளரும் பிள்ளைகள் இப்பகுதியில் பலர். மண்டல அலுவலகத்தை ஒட்டி இவர்கள் செவியில் விழும் தெலுங்குத் தொடர்களுள் ஒன்று ‘சாமாஜிக தனிக்கி’ என்பது. தமிழில் இதனைச் ‘சமூகத் தணிக்கை’ என்பர். தனிக்கி, தணிக்கை என்னும் இரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை, பொருளும் ஒன்றே. கணக்கைச் சரிபார்த்தல் என்பது அதன் பொருள். அரசு செலவிட்ட பணத்தின் கணக்கை, அப்பணம் யாருக்காகச் செலவிடப்பட்டதோ அம்மக்களே சரிபார்ப்பது சமூகத் தணிக்கை ஆகும்.

வழக்கமான தணிக்கை வேறு வகையினது. தணிக்கை அலுவலர் கோப்பைத் திறப்பார். செலவுச் சீட்டும் பற்றுச்சீட்டும் ஒத்துள்ளனவா, கையொப்பம் உள்ளதா, கூட்டல் சரியா என்று பார்ப்பார். தாளும் தாளும் ஒத்துவிட்டால் தணிக்கை முடிந்தது. குளம் வெட்டியதாகத் தாளில் இருக்கும். ஊரில் குளம் இருக்கிறதா என்பதைத் தாள் கூறாது. நாற்பது பேர் வேலை செய்ததாகப் பதிவேட்டில் இருக்கும். அந்த நாற்பது பேரும் மண்வெட்டி பிடித்தார்களா என்பதைப் பதிவேடு அறியாது. அதனை அறிந்தது ஊர் ஒன்றே. தாளில் உள்ளதையும் ஊரில் உள்ளதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லாதவரை, தாளை எழுதுபவர் கை ஓங்கியே இருக்கும்.

ஊழல் என்றவுடன் பெருந்தொகைகளும் பெரிய மனிதர்களுமே பலர் நினைவுக்கு வருகின்றனர். செய்தித்தாள்கள் அத்தகையவற்றையே முதற்பக்கத்தில் இடுகின்றன. ஆனால் ஏழைக் குடும்பத்தின் சோற்றுப் பானையைத் தொடுவது பெரும்பாலும் சிறு ஊழலே. ஒரு பதிவேட்டில் ஒரு பொய்ப்பெயர், ஓர் அளவில் கூடுதலாக ஓர் அடி, ஒரு கையொப்பத்திற்கு ஒரு நூறு ரூபாய் என்று அது பரவிக் கிடக்கிறது. இச்சிறு ஊழல் எவ்வாறு நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு திட்டத்தைக் கூர்ந்து நோக்கினால் போதும்.

2005 ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை இயற்றியது. ஊரகக் குடும்பம் ஒவ்வொன்றும் கேட்டால், ஆண்டுக்கு 100 நாள் வேலை தரவேண்டும் என்பது அச்சட்டம். தமிழ் மக்கள் இதனை ‘நூறு நாள் வேலை’ என்றே அழைத்தனர். தெலுங்கில் ‘உபாதி ஹாமீ’ என்றனர். 2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்தின் அனந்தபுரம் மாவட்டத்திலுள்ள பண்ட்லபல்லி என்னும் சிற்றூரில் பிரதமர் மன்மோகன் சிங் இதனைத் தொடங்கிவைத்தார். முதற்கட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 200 மாவட்டங்களுள் சித்தூரும் ஒன்று. 2009 இல் இத்திட்டத்திற்கு மகாத்மா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது.

ஏரியைத் தூர்வாருதல், வாய்க்கால் வெட்டுதல், மண்சாலை அமைத்தல் முதலிய வேலைகள் இதில் நடந்தன. நாள்தோறும் வந்தவர் பெயரை ‘மஸ்டர்’ எனப்படும் வருகைப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். வெட்டிய மண்ணை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதவேண்டும். இவ்விரண்டையும் வைத்தே கூலி கணக்கிடப்பட்டது. எனவே, திருட நினைத்தவர்க்கும் இவ்விரண்டு ஏடுகளே வாயில்களாயின. இறந்துபோனவர் பெயரில் வருகை குறிக்கப்பட்டது. ஒருவரே இரண்டு இடங்களில் ஒரே நாளில் வேலை செய்ததாக எழுதப்பட்டது. எந்திரத்தைக் கொண்டு ஒரே இரவில் மண்ணை வாரிவிட்டு, ஆள்கள் பல நாள் வெட்டியதாகக் கணக்குக் காட்டப்பட்டது.

இவற்றுள் ஒரு வகை, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பங்களை நேரடியாகத் தொடுவது. குப்பம் தொடர்வண்டி நிலையம் சோலையார்பேட்டை – பெங்களூரு தடத்தில் உள்ளது. கூலி வேலைக்காக அத்தடத்தில் பெங்களூரு சென்று வருவோர் மிகப் பலர். அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. ஊரில் அவர்கள் பெயர் இருக்கும். வேலை அட்டை இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார். பொய்க்கணக்கு எழுதுபவர்க்கு இதைவிட வாய்ப்பான பெயர் கிடைக்குமா? இறந்தவர் பெயரை எழுதினால் ஊரார் நகைப்பர். வெளியூர் சென்றவர் பெயரை எழுதினால் ஐயுறுவோர் இலர். ஒருவர் பெங்களூருவில் கட்டடத்தின் நான்காம் மாடியில் சாந்து சுமந்துகொண்டிருக்கையில், அவர் பெயர் சொந்த ஊரில் ஏரி வெட்டிக் கூலி வாங்கிக்கொண்டிருக்கும். புலம்பெயர்ந்தவரின் இல்லாமை இன்னொருவர்க்கு வருவாயாவது இவ்வாறுதான்.

இத்தகைய திருட்டைப் பிடிக்க, 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு ஒரு வழியை வகுத்தது. வேலைகளைக் கிராம சபையே கண்காணிக்கவேண்டும். சமூகத் தணிக்கையைத் தவறாது நடத்தவேண்டும் என்று அப்பிரிவு கூறியது. பல மாநிலங்களில் இது ஏட்டளவில் நின்றது. வேலையை நடத்திய ஊராட்சித் தலைவரே தணிக்கையையும் நடத்தி, எல்லாம் சரி என்று எழுதி முடித்த ஊர்கள் உண்டு. ஆந்திரம் இதில் வேறு வழி கண்டது. 2006 முதலே பயிற்சி பெற்ற இளைஞர்களைக் கொண்டு தணிக்கை நடத்திப் பார்த்த அம்மாநில அரசு, 2009 இல் இதற்கெனத் தனியாக ஒரு சங்கத்தைப் பதிவுசெய்தது. வேலையை நடத்தும் துறையின் கைக்குள் தணிக்கை இருத்தலாகாது என்பதே அதன் நோக்கம்.

அம்முறை நடைபெறும் விதம் நுட்பமானது. தணிக்கை செய்யும் இளைஞர்கள், கூலிவேலை செய்யும் குடும்பங்களிலிருந்தே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தவர்களாய் இருந்தால் போதும்; அளவுப் புத்தகத்தைப் படிக்கும் முறையும், நாடா பிடித்து அளக்கும் முறையும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. தம் சொந்த ஊராட்சியில் தணிக்கை செய்ய அவர்களுக்கு இசைவு இல்லை. உறவும் பகையும் ஊருக்குள் இருக்குமாதலால் இவ்விதி தேவையாயிற்று. 2011 இல் இந்திய அரசு நாடு முழுமைக்கும் வகுத்த தணிக்கை விதிகளும் இதனையே வலியுறுத்தின. பதிவேடுகளின் படிகளைக் கிராம சபை கூடுவதற்கு 15 நாள் முன்னதாகவே தணிக்கைக் குழுவிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின.

குழுவினர் ஊருக்குள் தங்கி வீடுவீடாகச் செல்வர். பதிவேட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே எழுதியிருப்பதை அவர் முன்னிலையில் உரக்கப் படிப்பர். “இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஆறு நாள் வேலை செய்தீர்களா? இவ்வளவு ரூபாய் பெற்றீர்களா?” என்பதே வினா. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் இவ்வினாவுக்கு விடை கூற இயலும். தம் பெயரில் எழுதப்பட்டிருந்தது என்ன என்பதை அவர் முதன்முறையாகக் கேட்பதும் அப்போதுதான். அவர் கூறுவதை எழுதிப் படித்துக் காட்டிக் கையொப்பமோ கைந்நாட்டோ பெறுவர். பிறகு வேலை நடந்த இடத்திற்குச் சென்று அளப்பர். புத்தகத்தில் உள்ள நீளமும் ஆழமும் நிலத்தில் உள்ளனவா என்பதை நாடா கூறிவிடும்.

ஊர்தோறும் கிராம சபையில் இவை படிக்கப்படும். அதன்பின், மண்டலத்திலுள்ள எல்லா ஊராட்சிகளுக்கும் பொதுவாக மண்டலத் தலைமையிடத்தில் ஒரு கூட்டம் நடைபெறும். ‘பிரஜா வேதிகா’ என்பது அதன் பெயர். மக்கள் மன்றம் எனலாம். கூலி பெற்றவர், பெறாதவர், பொறுப்பாளர், பொறியாளர், ஊராட்சித் தலைவர், மண்டல அலுவலர் ஆகிய அனைவரும் ஒரே பந்தலின்கீழ் அமர்வர். மண்டல அளவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சிற்றூரில் ஒரு கூலியாள், தமக்கு வேலை தரும் நிலக்கிழாரையோ பொறுப்பாளரையோ எதிர்த்துப் பேச அஞ்சுவார். பல ஊரார் கூடிய இடத்தில் அந்த அச்சம் ஓரளவு குறையும். பக்கத்து ஊர்க்காரர் எழுந்து பேசுவதைக் கேட்டபின் தாமும் எழுவார்.

அங்கே நடப்பவற்றுள் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. குற்றச்சாட்டு படிக்கப்படும், சான்று கூறியவர் எழுந்து அதனை உறுதிசெய்வார், உடனே, குற்றம் சாட்டப்பட்டவர் விடை கூற அழைக்கப்படுவார். அவர் தம் ஏடுகளைக் காட்டலாம். தம் பக்கச் சான்றாளரை அழைக்கலாம். அளவு தவறு என்று மறுக்கலாம். தலைமை ஏற்ற அலுவலர் இரு பக்கமும் கேட்டு முடிவை எழுதுவார். பணத்தைத் திரும்பச் செலுத்துமாறு ஆணையிடலாம். துறை விசாரணைக்குப் பரிந்துரைக்கலாம். குற்றம் பெரிதாயின் காவல் நிலையத்திற்கு அனுப்பலாம். தணிக்கை செய்த இளைஞர்களுக்குத் தண்டிக்கும் உரிமை எதுவும் இல்லை. படிப்பது ஒருவர், விடை கூறுவது ஒருவர், முடிவு எழுதுவது வேறொருவர், தண்டனை வழங்குவது நீதிமன்றமோ துறையோ என்று இப்பணி பிரிக்கப்பட்டுள்ளது.

இப்பிரிவினை வீண் தாமதம் என்று சிலர்க்குத் தோன்றும். ஆனால் ஊர்களில் பொய்க் குற்றச்சாட்டும் எழும். தேர்தலில் தோற்ற கட்சியைச் சேர்ந்தவர் என்பதற்காக ஒரு பொறுப்பாளர்மீது பழி சுமத்தப்படலாம்; சாதிப் பகையும் நிலத் தகராறும் தணிக்கையின் போர்வையில் வெளிவரலாம். பந்தலில் எழும் முழக்கத்தைக் கேட்டே முடிவு செய்வதாயின் கூட்டம் மிகுந்த பக்கமே வெல்லும். ஏட்டின் படியும் நாடாவின் அளவும் எதிர்வாதமும் இருப்பதால்தான் அது மக்களாட்சிக்கு உரிய மன்றமாகிறது. அரசு ஊழியர் ஒருவரை, குற்றச்சாட்டைத் தெரிவித்து விடை கூற உரிய வாய்ப்பு அளிக்காமல் வேலையிலிருந்து நீக்கலாகாது என்று அரசியலமைப்பின் 311 ஆம் உறுப்பும் கூறுகிறது. ஊழல் செய்தவருக்கு அரணாக அமைவது போல் அது தோன்றினும், மேலதிகாரியின் தவற்றைச் சுட்டிக்காட்டும் நேர்மையான ஊழியர்க்கும் அதுவே அரண்.

கணக்கைப் பொதுவில் படிக்கும் இவ்வழக்கம் ஆந்திரத்திற்கு இராசத்தானிலிருந்து வந்தது. அங்கு, தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் 1990 இல் ‘மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்’ என்னும் உழவர் தொழிலாளர் அமைப்பு தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்த இவர், இந்திய ஆட்சிப் பணியில் சில ஆண்டுகள் இருந்து, அதனைத் துறந்து ஊர்களுக்குச் சென்றவர். உரிய கூலி கிடைக்கவில்லை என்று தொழிலாளர் முறையிட்டபோதெல்லாம் அலுவலகம் ஒரே விடையைத் தந்தது: ‘ஏட்டில் நீங்கள் குறைவாகவே வேலை செய்துள்ளீர்கள்’. ஏட்டைக் காட்டுங்கள் என்றால், அது இரகசியம் என்றது. 1923 இல் ஆங்கிலேயர் இயற்றிய அலுவல் இரகசியச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. ஒரு கூலியாளின் ஆறு நாள் வருகை எந்தப் பகைநாட்டுக்குப் பயன்படும் என்று எவரும் கேட்கவில்லை போலும்.

எவ்வாறோ கிடைத்த சில ஏடுகளை வைத்துக்கொண்டு, 1994 திசம்பரில் கோட்கிரானா என்னும் ஊரில் அவ்வமைப்பினர் முதல் பொது விசாரணையை நடத்தினர். பெயர்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. 1996 இல் பியாவர் நகரில் 40 நாள் அறப்போராட்டம் நடந்தது. ஏடுகளின் படி வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை. தொழிலாளர் கேட்ட இச்சிறு உரிமை நாடு முழுவதும் பரவி, 2005 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997 இல், தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. விலக்குகள் மிகுந்த சட்டமாயினும் அத்தகைய சட்டங்களுள் அதுவே இந்தியாவில் முதலாவது.

கணக்குக் காட்டாதவரை விலக்கிவைக்கும் எண்ணம் தமிழ்நாட்டுக்கு மிகப் பழையது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை பொ.ஆ. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறை பலரும் அறிந்ததே. அதனினும் வியப்புக்குரியது, யார் பெயரைக் குடத்தில் இடலாகாது என்னும் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க இயலாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினர் இன்னின்னார் என்று ஒவ்வொரு முறையாகக் கூறி அவர்களையும் கல்வெட்டு விலக்குகிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவர்க்கும் இடமில்லை. முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரும் மீண்டும் வர இயலாது. தாம் நிற்க இயலாதபோது மைத்துனரை நிறுத்தும் தந்திரம் பத்தாம் நூற்றாண்டிலும் இருந்திருக்கவேண்டும். இல்லாவிடில் உறவுமுறைப் பட்டியலைக் கல்லில் வெட்டும் தேவை எழுந்திராது.

ஆயினும் உத்திரமேரூரை இன்றைய மக்களாட்சி எனக் கொள்வது பொருந்தாது. அது பிராமணர் சபை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய, 35 முதல் 70 அகவை வரையுள்ள ஆடவர்க்கே இடம். பெண்களும் உழுகுடிகளும் அக்குடத்திற்கு வெளியே நின்றனர். ஏரி வாரியம் கணக்குக் காட்டவேண்டியது சபைக்கே. ஏரியில் மண் சுமந்தவர்க்கு அன்று. பிரஜா வேதிகையில் வினவுபவர் மண் சுமந்தவரே ஆவார். ஆயிரம் ஆண்டுகளில் நேர்ந்த மாற்றங்களுள் இது சிறியதன்று.

ஊழலை ஒழிக்க இவ்வளவு நீண்ட வழி எதற்கு, வலிமைமிக்க ஒருவர் கையில் எல்லா அதிகாரத்தையும் தந்துவிட்டால் போதாதா என்று வினவுவோர் எக்காலத்தும் உள்ளனர். 1996 இல் வெளிவந்த ‘இந்தியன்’ திரைப்படத்தில் கையூட்டு வாங்குவோரை முதியவர் ஒருவர் தாமே தண்டித்து வருவார். தெலுங்கில் அது ‘பாரதீயுடு’ என்னும் பெயரில் வந்தது. இரு மொழியினரும் அரங்கில் கைதட்டினர். அலுவலக வாயிலில் பல நாள் காத்து நின்றவர்களின் சினம் அக்கைதட்டலில் இருந்தது, அச்சினம் நியாயமானது. எனினும், தவறாக ஒருவர் கொல்லப்பட்டால் யாரிடம் மேல்முறையீடு செய்வது என்னும் வினாவுக்குத் திரைப்படத்தில் இடமில்லை. நாட்டில் அதற்கு இடம் வேண்டும்.

அண்டை நாட்டு வரலாறு இதனை விளக்கும். வங்காளதேசத்தில் 1982 மார்ச்சு 24 அன்று படைத்தலைவர் எர்ஷாத் ஆட்சியைக் கைப்பற்றினார். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் ஊழலை ஒழிக்கவே வந்ததாகக் கூறினார். அரசியலமைப்பு நிறுத்திவைக்கப்பட்டது, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. கணக்குக் கேட்கும் இடங்கள் அனைத்தும் மூடப்பட்டபின் ஆள்பவரின் கணக்கை யார் கேட்பர்? 1990 திசம்பரில் மக்கள் எழுச்சியால் அவர் பதவி விலகினார். பின்னர் ஊழல் வழக்குகளிலேயே அவர் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார்.

இந்தியாவிலும் 2011 இல் இதன் சாயல் கொண்ட ஒரு விவாதம் நடந்தது. அண்ணா அசாரே தில்லியில் உண்ணாநோன்பு இருந்து, உயர் பதவியினரின் ஊழலை விசாரிக்க ‘லோக்பால்’ என்னும் வலிய அமைப்பை வேண்டினார். நகரங்களில் பெருந்திரளாக மக்கள் கூடினர். ஊழலுக்கு எதிராக நெடுநாள் உழைத்த அருணா ராய் போன்றோர், அந்நோக்கத்தை ஏற்றும் அவ்வடிவத்தை ஏற்கவில்லை. சிற்றூர் எழுத்தர் முதல் பிரதமர் வரை, நீதிபதிகள் உட்பட அனைவர்மீதும் அதிகாரம் செலுத்தும் ஒரே அமைப்பை உண்டாக்கினால், அதனைக் கண்காணிப்பது யார் என்பது அவர்கள் வினா. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி அமைப்புகள் வேண்டும். அவை ஒன்றையொன்று காணவேண்டும் என்றனர். லோக்பால் சட்டம் 2013 இல் நிறைவேறியது. முதல் தலைவர் அமர்த்தப்பட்டது 2019 மார்ச்சில். சட்டம் இயற்றுவதற்கும் நாற்காலியில் ஆள் அமர்வதற்கும் இடையே ஐந்தாண்டுக்கு மேல் கழிந்தது.

தனி ஒருவரின் துணிவுக்கு இந்நாட்டில் நேர்ந்ததையும் இங்குக் கூறவேண்டும். சாந்திபுரத்திற்கு அண்மையில், மாநில எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல் உள்ளது. சுரங்க வேலைக்காகத் தமிழர் பெருந்திரளாகக் குடியேறிய ஊர் அது. அங்கு வளர்ந்தவர் மஞ்சுநாத் சண்முகம். இலக்னோவில் மேலாண்மை பயின்று, பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயில் கழகத்தில் விற்பனை அலுவலர் ஆனார். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எரிபொருள் விற்ற நிலையம் ஒன்றின்மீது அவர் நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பர் 19 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 27. அவருடன் பயின்றோரும் பொதுமக்களும் விடாது முயன்றதால் வழக்கு நடந்தது. கொலையாளிகளுக்கு விதிக்கப்பட்ட வாழ்நாள் சிறையை உச்ச நீதிமன்றம் 2015 இல் உறுதிசெய்தது.

இதற்கு இரண்டாண்டு முன், 2003 நவம்பரில், சத்தியேந்திர துபே என்னும் பொறியாளர் பீகாரில் கொல்லப்பட்டார். தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்திற்கு அவர் எழுதியிருந்தார். தம் பெயரை மறைக்குமாறு வேண்டியும் அது மறைக்கப்படவில்லை. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014 இல் நிறைவேற்றப்பட்டது. ஆயினும் நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை வெளிவராமல் ஆண்டுகள் பல கடந்தன.

இவ்விரு இளைஞர்களும் அஞ்சாதவர்கள். ஆயினும் அஞ்சாதவர் ஒருவர் உயிரைத் தந்தால்தான் கணக்குச் சரியாகும் என்னும் நிலை ஒரு நாட்டுக்குப் பெருமையன்று. சமூகத் தணிக்கையின் பயன் இவ்விடத்தில் தெரிகிறது. ஒரு பந்தலில் முந்நூறு பேர் ஒவ்வொருவராக எழுந்து ‘என் பெயருக்கு எதிரே எழுதியது பொய்’ என்று கூறும்போது, பழிவாங்க எண்ணுபவர்க்குத் தனித்த ஓர் இலக்கு கிடைப்பதில்லை. அஞ்சும் இயல்புடைய எளியவரும் தம் பங்கைச் செய்துவிட்டு அன்றிரவு வீட்டில் உறங்க இயலும்.

இம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. பர்சானா அஃப்ரிடி, வெகார்ட் ஐவர்சன் என்னும் பொருளியலறிஞர் இருவர், ஆந்திரத்தின் 300 ஊராட்சிகளில் நடந்த தணிக்கை அறிக்கைகளை ஆராய்ந்தனர். கூலியில் நடக்கும் முறைகேடு ஒவ்வொன்றிலும் இழக்கப்பட்ட தொகை ஓரளவு குறைந்திருந்தது. ஆனால் சிமெண்டு, சல்லி முதலிய பொருள்களை வாங்குவதில் நடக்கும் முறைகேடு பெருகியிருந்தது. காரணம் விளங்காததன்று. தாம் ஆறு நாள் வேலை செய்தோமா என்பதைத் தொழிலாளர் அறிவர். சாலையில் எத்தனை மூட்டை சிமெண்டு கலந்தது என்பதை எப்படி அறிவர்? தணிக்கை எதனைக் காணுமோ அதனைத் திருடர் கைவிட்டு, அது காணாததை நாடினர். கண்டுபிடிக்கப்பட்ட தொகையில் திரும்ப வசூலானதும் சிறு பகுதியே. மன்றத்தில் ஆணை எழுதப்பட்டது. அலுவலகத்தில் அது உறங்கியது. தண்டனை வராது என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை வீட்டு வாயிலில் வந்து நிற்கும் தணிக்கையாளரிடம் மூதாட்டி எதற்காக வாய் திறப்பார்? சமூகத் தணிக்கைக்கு நேரும் பெரிய இடர், எதிர்ப்பைக் காட்டிலும் இந்தச் சலிப்பே ஆகும். அதனால்தான் ஆணைகளின்மீது எடுத்த நடவடிக்கை என்ன என்பதையும் அடுத்த தணிக்கையில் படிக்கவேண்டும் என்று வற்புறுத்தப்படுகிறது.

புலம்பெயர்ந்து வாழ்வோர் கிராம சபையில் சென்று அமர்தல் எளிதன்று. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஊரின் சபையிலேயே ஒருவர் உறுப்பினர். பிழைக்க வந்த ஊரில் பெயர் இருக்காது. பெயர் உள்ள ஊருக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும். இரு சபைகளுக்கும் வெளியே நிற்கும் இவர்களுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி திறக்கிறது. இந்தியக் குடிமகன் எவரும், எங்கு வாழ்ந்தாலும், எந்த ஊராட்சியின் கணக்கையும் கேட்கலாம். விழுப்புரத்திலுள்ள சொந்த ஊரின் பதிவேட்டில் தம் பெயரில் எவ்வளவு கூலி எழுதப்பட்டுள்ளது என்பதைச் சாந்திபுரத்திலிருந்தே அஞ்சலில் வினவலாம். ஏன் கேட்கிறீர் என்று அலுவலர் காரணம் கேட்டல் கூடாது.

விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ எழுதலாம். எனவே சாந்திபுரம் மண்டல அலுவலகத்திற்குத் தெலுங்கிலும், தமிழ்நாட்டு அலுவலகத்திற்குத் தமிழிலும் எழுதுதல் முறை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினால், அதனை எழுத்தாக்க உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்று சட்டத்தின் 6 ஆம் பிரிவு கூறுகிறது. ஆந்திரப் பிரதேசத்தில் 2005 இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி ஊர் அளவிலான அலுவலகங்களுக்குக் கட்டணம் இல்லை. மண்டல அளவில் 5 ரூபாய். பிற அலுவலகங்களுக்கு 10 ரூபாய். விடை 30 நாளுக்குள் வரவேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ தொடும் செய்தியாயின் 48 மணி நேரத்திற்குள் தரவேண்டும். விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், அதே அலுவலகத்தின் மேல் அலுவலரிடம் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன்பின் மாநிலத் தகவல் ஆணையத்தை அணுகலாம். விண்ணப்பத்தின் படி ஒன்றையும் அஞ்சலகம் தந்த பற்றுச்சீட்டையும் கேட்பவர் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். நாள்களை எண்ணுவது அந்தச் சீட்டிலுள்ள தேதியிலிருந்தன்று. விண்ணப்பம் அலுவலகத்தை அடைந்த நாளிலிருந்தே.